வடக்கே வாய்க்கால் புறம்போக்கு: கடலைக் காக்க ஒரு பாட்டு போதுமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் போய் மூணாவது நாள். கொடுங்கையூரில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் அன்றைக்குத்தான் வடிந்திருந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்து போனதில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்திருந்தது. எங்கள் வீட்டில் முக்கியமான எல்லாமே கீழ்த்தட்டில்தான் இருக்கும். என் பி.இ. சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வீட்டுப் பத்திரம்.

பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மொட்டை மாடியில் காயவைத்தேன். காயும் வரை சும்மா இருக்க முடியாமல் படித்தேன். 1987ல் நைனா வாங்கிய மனை. ஹார்பரில் வேலை பார்த்தவர், சொசைட்டி லோன் போட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் செக்குபந்தி. கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் மனை, தெற்கே இருபது அடி ரோடு. வடக்கே, "வாய்க்கால் புறம்போக்கு".

எங்கள் வீட்டுக்கு வடக்கே இப்போது வாய்க்கால் எதுவும் இல்லை. பைக் நிறுத்துகிற ஷெட் இருக்கிறது. அதைத் தாண்டினால் பின்வீட்டுச் சுவர்.

"நைனா, வடக்கால வாய்க்கால்னு போட்டிருக்கே, அது எங்க?"

"அது எப்பவோ தூந்து போச்சுடா. பொறம்போக்குதானே, யாரு கேக்கப் போறா?"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு பாட்டு ஞாபகம் வந்தது. 2017 பொங்கல் சமயத்தில் வெளியான "சென்னை பொறம்போக்கு பாடல்". எண்ணூர் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடியது. வந்த புதிதில் ஆபீஸ் பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டேன், நாலு பேருக்கு அனுப்பினேன், மறந்தும் போனேன். ஆறு வருஷம் கழித்து, நனைந்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டபோதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. கடலைக் காப்பாற்ற ஒரு பாட்டால் என்ன செய்ய முடியும்? இதற்கு முன்னால் எங்கேயாவது செய்திருக்கிறதா?

நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு கேள்வி வந்துவிட்டால் அதன் லாக் ஃபைலைத் தேடிப் போகிற பழக்கம் உண்டு. அப்படிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

திமிங்கலம் வெளியிட்ட ரெக்கார்டு

பாட்டால் கடல் உயிர் காப்பாற்றப்பட்டது என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை ஒன்றுதான். அது 1950களில் பெர்முடா தீவில் தொடங்குகிறது. அங்கே அமெரிக்கக் கடற்படைக்காக நீருக்கடியில் மைக் போட்டு ஒட்டுக்கேட்கும் நிலையம் ஒன்று இருந்தது. ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் அதில் வேலை பார்த்தார். கடலுக்குள் கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்வது வேலை. அந்தப் பதிவுகளில் விசித்திரமான ஊளைகளும் முனகல்களும் சேர்ந்து வந்தன. அவை கூன்முதுகுத் திமிங்கலங்களின் குரல்கள்.

வாட்லிங்டன் இதை வெளியே சொல்லவில்லை. குரலை வைத்தே திமிங்கலங்களைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்தார். 1960களின் பிற்பாதியில் ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் என்ற தம்பதி பெர்முடாவுக்கு வந்தபோது, நம்பி அந்த டேப்பைக் கொடுத்தார். ரோஜர் பெய்ன் அதுவரை வௌவாலும் ஆந்தையும் காதால் எப்படி வேட்டையாடுகின்றன என்று ஆராய்ந்தவர். முன்பு ஒருமுறை அமெரிக்கக் கரையில் செத்து ஒதுங்கிய சிறு திமிங்கல இன விலங்கு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். யாரோ அதன் உடம்பில் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறி, மூச்சுத் துளையில் சுருட்டுத் துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். அந்தக் காட்சிதான் தன்னைத் திருப்பியது என்று அவரே பின்னால் எழுதினார்.

டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. அந்தச் சத்தம் தாறுமாறாக வரவில்லை. ஒரே வரிசை திரும்பி வந்தது. ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971ல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். ஒரு பாட்டு 7 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷம் வரை நீளும், முடிந்ததும் முதலிலிருந்து அதே பாட்டு. பாட்டு வருஷா வருஷம் மாறுகிறது என்பதைக் கண்டுபிடித்தது கேட்டி பெய்ன். நீளமான சிக்கலான பாட்டுகளில் நம்ம எதுகை மாதிரி, வெவ்வேறு அடிகளில் ஒரே ஒலிமுடிவு வருவதையும் பின்னாளில் அவர் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார்.

கட்டுரைக்கு முன்னாலேயே, 1970ல், "சாங்ஸ் ஆஃப் தி ஹம்ப்பேக் வேல்" என்ற எல்.பி. ரெக்கார்டு வந்துவிட்டது. லட்சத்துக்கு மேல் விற்றது. அதே வருஷம் ஆலன் ஹோவானஸ் என்ற இசையமைப்பாளர் திமிங்கலக் குரலையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்து ஒரு படைப்பு செய்தார், நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வாசித்தது. ஜூடி காலின்ஸ் ஒரு பழைய திமிங்கல வேட்டைப் பாட்டைத் திமிங்கலங்களின் குரலோடு சேர்ந்து பாடினார். 1977ல் வாயேஜர் விண்கலத்தில் போன தங்கத் தட்டில் மனிதர்களின் வாழ்த்துகளோடு திமிங்கலக் குரலும் போனது. 1979 ஜனவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ரெக்கார்டை இதழோடு இணைத்து அனுப்பியது, ஒரு கோடியே ஐந்து லட்சம் பிரதிகள்.

1972ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு திமிங்கல வேட்டையைப் பத்து வருஷம் நிறுத்தச் சொன்னது. 1982ல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. அதற்கு முந்தைய வருஷம்தான் உறுப்பினரான இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. 1986 சீசனிலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது.

பாட்டுதான் காப்பாற்றியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ரெக்கார்டிலிருந்து வாக்கெடுப்புக்குப் பன்னிரண்டு வருஷம். நடுவில் ஊர்வலம், வழக்கு, வேட்டைக் கப்பலுக்குக் குறுக்கே படகு விட்ட இளைஞர்கள், ஓட்டு சேர்த்த ராஜதந்திரிகள் என்று எவ்வளவோ பேர் உழைத்திருக்கிறார்கள். ரெக்கார்டு செய்த வேலை ஒன்று. எண்ணெய்க்கும் இறைச்சிக்குமான சரக்காக இருந்த விலங்கு, பாடுகிற உயிராக மாறியது. பாடுகிறவரைக் கொல்ல மனசு வராது. அதற்கப்புறம் நடந்த வேலைக்கெல்லாம் அந்த மனசு அடித்தளமாக இருந்தது.

படகுப் பலகையில் காது வைத்தவர்கள்

கடல் பாடும் என்பது 1970ல்தான் மனிதனுக்குத் தெரிந்ததா? நம்ம பக்கம் அப்படி இல்லை. மட்டக்களப்பைத் தமிழர்கள் "மீன் பாடும் தேனாடு" என்பார்கள். நிலவு இரவில், கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் வாவித் தண்ணீருக்குள்ளிருந்து மெல்லிய இசை கேட்கும் என்பது அந்த ஊரின் பழைய பேச்சு.

அதை எழுத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1840களில் இலங்கை அரசின் காலனியச் செயலாளர். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்குப் போனபோது விசாரித்து, நிலவு எழுந்தபின் மீனவர்களோடு படகில் போனார். ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து வந்ததாக 1859ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். படகின் மரப்பலகையில் காதை வைத்தபோது ஒலி கூடியது என்றும் எழுதினார். ஹைட்ரோபோன் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் அங்கே படகின் பலகையே அந்த வேலையைச் செய்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது டென்னன்ட் கேட்டதை விட அவருக்கு மீனவர்கள் சொன்னது. அது மீனின் குரலே இல்லை, ஒரு வகைச் சங்கின் குரல் என்று அவர்கள் சொன்னார்கள். 'அழும் சங்கு' என்று பொருள்வரும் தமிழ்ப் பெயர் ஒன்றையும் சொல்லியிருக்கிறார்கள். டென்னன்ட் தன் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பெயரின் முதல் சொல் 'ஊரி' என்பது தெளிவாகவே தெரிகிறது. வறண்ட காலத்தில்தான் கேட்கும், மழை வெள்ளம் வாவியில் புகுந்தால் நின்றுவிடும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இடம், பருவம், தண்ணீரின் தன்மை எல்லாம் சேர்ந்த ஒரு கவனிப்பு அது. இன்றைக்கு இதைத்தான் ஒலிச் சூழலியல் என்று தனிப் படிப்பாக வைத்திருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த இயேசு சபைப் பாதிரியார் லாங் இந்த ஒலியைப் பதிவு செய்தார், இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. பிறகு போர் வந்தது. இரவில் பாலத்துக்குப் போய்க் காது கொடுப்பது முடியாத காரியமானது. ஒரு தலைமுறைக்கு அந்தப் பாட்டு வெறும் கேள்விப்பட்ட கதையாகிவிட்டது.

கேட்டது மட்டுமில்லை, கடற்கரைத் தமிழர்கள் பாடவும் செய்தார்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு தமிழ்நாட்டுக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் உண்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். சாஃப்ட்வேர்க்காரன் மொழியில் சொன்னால் அது கிளாக் சிக்னல். விசைப்படகும் இயந்திரமும் வந்தபின் அதன் தேவை குறைந்தது. பாட்டும் குறைந்தது.

நம்ம கடலில் மைக் போட்டால்?

இப்போது ராயபுரத்திலிருந்து வடக்கே போவோம். 1881லிருந்து இருக்கிற சென்னைத் துறைமுகம், 2001ல் கப்பல் வரத்தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்தக் கொஞ்ச தூரக் கடலில் மூன்று துறைமுகங்கள். இங்கே தண்ணீருக்குள் மைக் போட்டால் முதலில் கேட்பது கப்பல் எஞ்சினாகத்தான் இருக்கும். கப்பலின் தாழ்ந்த உறுமலும் பெரிய திமிங்கலங்கள் பேசும் அலைவரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

அந்தச் சத்தம் என்ன செய்யும் என்பதற்குத் தற்செயலாக ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கடலடிச் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அதே நாட்களில் அங்கிருந்த ரைட் திமிங்கலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததை 2012ல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக, ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் 2019ல் வெளியான ஒரு ஆய்வு. செத்துப்போன பவளத் துண்டுகளுக்கு நடுவே ஸ்பீக்கர் வைத்து, ஆரோக்கியமான திட்டின் ஒலியைப் போட்டார்கள். ஒலி போடாத இடங்களை விட இரண்டு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன.

எண்ணூரின் பிரச்சினை இன்னொரு வகை. இங்கே காப்பாற்ற வேண்டியது கொற்றலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கிற கழிமுகம். கடல் மீன் பலவற்றுக்கும் இறாலுக்கும் அதுதான் பிரசவ வார்டு. அதற்கு அழகான குரல் கிடையாது. ரெக்கார்டு போட்டு விற்க முடியாது. ஓரமாக நின்று பார்த்தால் சேறும் அலையாத்திப் புதரும்தான் தெரியும். 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது, 1994ல் வடசென்னை அனல்மின் நிலையம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பினார்கள். குழாய் கசிந்த இடங்களில் ஆற்றுப் படுகை சாம்பல் படுகையானது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கம் மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது, இப்போது இடுப்பளவா முழங்காலளவா என்று சொல்வார்கள். படகுப் பலகையில் காது வைத்தவர்களின் அறிவுதான் இதுவும். கேட்கத்தான் ஆளில்லை.

ஏன் ஆளில்லை? கணக்குப்படி அது 'புறம்போக்கு'. வருவாய்த்துறை மொழியில், யாருக்கும் பட்டா இல்லாத, வரி விதிக்காத, ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கிய நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், களம், சுடுகாடு, கழிமுகம் எல்லாம் அதில் அடக்கம். ஆங்கிலேயர்களுக்கு இதற்குச் சரியான சொல் கிடைக்காமல் மெட்ராஸ் ராஜதானி ஆவணங்களில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். வரி வராத நிலம் அரசுக்கு உதவாத நிலம். உதவாத நிலத்தின் பெயர் மெல்ல உதவாத மனிதனுக்கு வசவானது. பத்தாவதில் கணக்கில் நான் முட்டை வாங்கியபோது எனக்குக் கிடைத்த பட்டமும் அதுதான்.

ஒரு வசவை ராகத்தில் வைத்தது

2017ன் பாட்டு கைவைத்தது இந்த இடத்தில். எழுதியவர் கபேர் வாசுகி, சுயாதீனப் பாடகர். மெட்டமைத்தது ஆர்.கே. ஸ்ரீராம்குமார், கர்நாடக சங்கீத வயலின் வித்வான். வீடியோவை இயக்கியது ரதீந்திரன் பிரசாத். எண்ணூருக்காகப் பல வருஷமாக எழுதியும் போராடியும் வரும் நித்தியானந்த் ஜெயராமனும் வெட்டிவேர் கலெக்டிவ் நண்பர்களும் பின்னணியில். நித்தியானந்தும் கிருஷ்ணாவும் அதற்கு முன்பே, 2015ல், பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து கலை விழா தொடங்கியவர்கள். ஆகவே குப்பமும் கச்சேரியும் ஒரே மேடைக்கு வந்தது எண்ணூரில் முதல் தடவை இல்லை.

பாட்டு ராகமாலிகை, ஆனந்தபைரவியில் தொடங்குகிறது. சபாவில் தெலுங்கும் சமஸ்கிருதமும் செந்தமிழும் கேட்டுப் பழகிய அந்த வடிவத்துக்குள் மெட்ராஸ் பேச்சுத் தமிழ். கிருஷ்ணா அனல்மின் நிலையப் புகைபோக்கி பின்னணியில், சாம்பல் வெளியில் உட்கார்ந்து பாடுகிறார். சில காட்சிகளில் முகத்தில் மாஸ்க். சொல்கிற சேதி எளிமையானது. பொறம்போக்கு தனி ஆள் யாருக்கும் உரியதில்லை, ஊருக்கே பொது, அதை மூடினால் வெள்ளம் நம்ம வீட்டுக்கு வரும். திட்டுகிற சொல்லை அவ்வளவு மரியாதையாக, கமகம் போட்டு இழுத்துப் பாடும்போது கேட்கிறவனுக்கு முதலில் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது. ரெண்டாவது தடவை கேட்டபோது வரவில்லை.

திருவொற்றியூர் நண்பர் ஒருத்தர் அப்போதே சண்டை போட்டார். "எங்க ஊர்ல கானா இல்லையா? பறை இல்லையா? மயிலாப்பூர் சங்கீதம் வந்து சொன்னாத்தான் சாம்பல் கண்ணுக்குத் தெரியுமா?" நியாயமான கேள்வி. வடசென்னையின் துக்கத்துக்கு வடசென்னையிலேயே பாட்டு உண்டு. அவருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அந்தப் பாட்டு பேசிய ஆளே வேறு என்று தோன்றுகிறது. குப்பத்துக்காரருக்குக் கழிமுகத்தின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த அனல்மின் நிலையத்து கரண்ட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு, எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கிற ஆட்களின் காதுக்குப் போக, அவர்கள் மதிக்கிற வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தன். ஆனாலும் நண்பரின் கோபத்தில் பாதி இன்னும் நியாயமாகவே இருக்கிறது.

பாட்டுக்குப் பிறகு

பாட்டு வந்த சில நாட்களில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். ஊர் முழுக்க அதே பேச்சு. அது அடங்கிய சூட்டில், ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரையோரமாகத் தெற்கே பரவியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்கள். அந்த வாளிப் படங்களை யாரும் மறந்திருக்க முடியாது.

அதே வருஷம் மார்ச்சோடு எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது, ஆனால் காரணம் வயசு. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் இருக்கும் கழிமுகம், மாநில அளவில் காட்டப்பட்ட இன்னொரு வரைபடத்தில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கிறது என்று ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களோடு அந்த வருஷம்தான் வெளியே சொன்னார்கள். அக்டோபரில் கமல்ஹாசன் ட்விட்டரில் எழுதிவிட்டு நேரில் வந்து பார்த்தார். 2022ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலால் கெட்ட இடங்களைச் சீர்செய்ய உத்தரவிட்டது. அந்த வழக்கைப் போட்டு நடத்தியவர்களில் மீனவர்கள் உண்டு.

பிறகு 2023 டிசம்பர். எங்கள் வீட்டுக்குள் வந்த அதே மிக்ஜாம் வெள்ளம், மணலிப் பக்கமிருந்து எண்ணெயை அடித்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் சேர்த்தது. கருப்பாக நனைந்த கூழைக்கடாக்களின் படம் பேப்பரில் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கருப்பு. ஆறு வருஷம் முன்னால் பார்த்த அதே வாளிகள்.

ஆகவே பாட்டு தோற்றுவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. 1970ன் ரெக்கார்டு 1976ல் எந்தத் திமிங்கலத்தையும் முழுசாகக் காப்பாற்றிவிடவில்லை. வேட்டை நடந்துகொண்டுதான் இருந்தது. பாட்டு செய்யக்கூடியது ஒன்றுதான், ஒரு பெயரின் அர்த்தத்தை மாற்றுவது. 'சரக்கு' என்பது 'பாடகர்' ஆனது. 'பொறம்போக்கு' என்பது 'பொது' ஆனது. அதற்கப்புறம் வழக்கு, வரைபடம், வாக்கெடுப்பு எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. திமிங்கலப் பாட்டைக் கேட்டு உருகிய பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வேட்டைக் கப்பல் எங்கோ தூரத்தில் இருந்தது. பொறம்போக்குப் பாட்டு அப்படி விடாது. கேட்கிறவனின் பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை வரும்.

நாலடி

பத்திரம் காய்ந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுப் புலப்படம் நகல் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தேன், என் பையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஷெட்டில் நாலடி வாய்க்காலுக்குள் இருக்கிறது. பின்வீட்டுச் சுவர் அதன் பக்கத்துக்கு. நடுவில் மிச்சமிருப்பது ஒரு சாக்கடை அகலம்.

படத்தில் அந்த வாய்க்காலை விரலால் தொடர்ந்து போனேன். அது கிழக்கே திரும்பி கொடுங்கையூர் கால்வாய்ப் பக்கம் போகிறது. அந்தக் கால்வாய் குப்பைமேட்டைத் தாண்டிப் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பக்கிங்காம் வடக்கே எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. கடல் எங்கள் வீட்டிலிருந்து தூரம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கணக்குப்படி அது எங்கள் வடக்கு எல்லையில் தொடங்குகிறது.

நைனாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். எண்பது வயதில் காது கொஞ்சம் மந்தம், போனைக் காதோடு வைத்து முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறாரு. சரி, பின்வீட்டுக்காரன் அவன் சுவத்த எடுப்பானா?"

"எடுக்க மாட்டாரு நைனா."

"அப்புறம் நாம மட்டும் எடுத்தா என்னடா பிரயோஜனம்?"

இந்தக் கேள்விக்கு எந்த ரெக்கார்டிலும் பதில் இல்லை. திமிங்கல ஆணையத்திலும் நாடுகள் ஒன்றையொன்று இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மழையில் ஷெட்டில் மறுபடி தண்ணீர் நின்றது. அவரே குடையோடு போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே வந்து, "கூரை இருக்கட்டும், சிமெண்ட் தரைய ஒடச்சிடலாம், தண்ணி கீழ போவட்டும்" என்றார்.

இந்தக் கோடையில் உடைக்கிறோம். நாலடி மட்டும். பின்வீட்டுக்காரரிடம் புலப்படத்தின் நகல் ஒன்று கொடுத்திருக்கிறேன், பாட்டின் லிங்க்கும் அனுப்பியிருக்கிறேன். ரெண்டு புளூ டிக் வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.